எல்.டி. நர்ஸ் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான நர்ஸாக வேலை செய்கிறேன். இங்கே இதை லேர்னிங் டிஸபிலிட்டி நர்சிங் என்பார்கள், சுருக்கமாக எல்.டி. நர்ஸ். ஊரில் நர்சிங் முடித்துவிட்டு இங்கே வரப் பார்க்கிறவர்கள், லண்டனில் பள்ளி முடிக்கப்போகும் நம் பிள்ளைகள், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய அம்மா அப்பா, எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

எல்.டி. நர்ஸ் என்றால் டிஸ்லெக்சியா பிள்ளைகளைப் பார்ப்பவரா?

இல்லை. இந்தியாவில் கற்றல் குறைபாடு என்றால் வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சிரமப்படுவதைத்தான் சொல்கிறோம், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அப்படித்தான் வைத்திருக்கிறது. பிரிட்டனில் லேர்னிங் டிஸபிலிட்டி என்பது நாம் அறிவுசார் குறைபாடு என்கிறோமே, அது. சிறு வயதிலேயே தொடங்கி வாழ்நாள் முழுக்க இருப்பது. புதிதாக ஒன்றைப் புரிந்துகொள்ள, காசை எண்ணிக் கொடுக்க, தனியாக பஸ் ஏறிப் போய்வர, உடம்புக்கு என்ன செய்கிறது என்று சொல்ல அடுத்தவர் துணை தேவைப்படும். டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பது) உள்ளவர்கள், பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் பாதிக்கப்பட்டவர்கள், காரணமே கண்டுபிடிக்க முடியாதவர்கள் என்று பலர். பிரிட்டன் முழுக்க ஏறத்தாழ 15 லட்சம் பேர். சிலர் வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள். சிலருக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் ஆள் வேண்டும். இரண்டு தரப்புக்கும் நாங்கள்தான் நர்ஸ்.

அப்படியென்றால் மனநல நர்ஸ் வேலைதானே?

அதுவும் இல்லை. அறிவுசார் குறைபாடு ஒரு நோய் அல்ல, குணமாக்கவேண்டிய விஷயமும் அல்ல. இந்த நாட்டில் நர்சிங் படிப்பு நான்கு பிரிவு: பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், அறிவுசார் குறைபாடு. படிப்பில் சேரும்போதே எது என்று முடிவு செய்துவிட்டுத்தான் சேரவேண்டும், பதிவும் அந்தப் பிரிவிலேயே வரும். எங்களிடம் வருகிறவர்களில் சிலருக்கு மனநோயும் இருக்கும், அதற்கு மனநலக் குழுவோடு சேர்ந்து வேலை செய்வோம். மற்றபடி இது வேறு வேலை.

பெரும்பாலும் வார்டு வேலை இல்லையாமே, அப்புறம் நாள் முழுக்க என்னதான் செய்வீர்கள்?

சிலர் பெரிய ஆஸ்பத்திரிகளில், உள்ளே வரும் அறிவுசார் குறைபாடு உள்ள நோயாளிகளுக்காக மட்டும் ஒரு தொடர்பு நர்ஸாக இருப்பார்கள். சிலர் சிறப்புப் பள்ளிகளில், சிலர் சிறைகளில். என்னைப் போன்றவர்கள் வீடுவீடாகப் போகிறோம். ஒரு வீட்டில் வலிப்புக்கான திட்டம் எழுதுவேன்: வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மிடசோலம் மருந்தைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே எப்படி விடுவது, எப்போது ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது என்று அங்கிருக்கும் பராமரிப்பு ஊழியர்களுக்குச் செய்துகாட்டுவேன். அடுத்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு மார்பகப் பரிசோதனை என்றால் என்ன என்று படங்களை வைத்து விளக்குவேன். நடுவில் ஜி.பி. என்கிற குடும்ப டாக்டருக்கு, சோஷியல் ஒர்க்கருக்கு, பேச்சுச் சிகிச்சையாளருக்குப் போன் மேல் போன்.

ஒரே ஒரு வேலையைக் கிட்டத்தில் காட்டுகிறேன், அப்போது புரியும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைவது மிகச் சாதாரணம், அதனால் அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். முப்பது வயதைத் தாண்டிய ஒருவருக்குப் பல வருடமாக அது நடக்கவே இல்லை. கிளினிக்கில் ஊசியைப் பார்த்ததும் எழுந்து ஓடிவிடுவார், அவர்களும் "மறுத்துவிட்டார்" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். நான் முதலில் அவர் வீட்டுக்கு, கையில் கட்டும் அந்த ரப்பர் பட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதை என் கையில் கட்டினார், அவிழ்த்தார், தன் அம்மா கையில் கட்டினார். அடுத்த முறை தன் கையிலேயே கட்டவிட்டார். கிளினிக்கின் வாசல், நாற்காலி, ரத்தம் எடுக்கும் நர்ஸின் முகம் எல்லாவற்றையும் படம் எடுத்து ஒரு சின்னப் புத்தகம் செய்தோம். ஒரு நாள் கிளினிக் கார் நிறுத்துமிடம் வரை போய்விட்டு அப்படியே திரும்பினோம், அன்றைக்கு அவ்வளவுதான். கடைசியில் காலை முதல் அப்பாயின்ட்மென்ட், காத்திருப்பு கிடையாது, வீட்டிலேயே மரப்பு கிரீம் தடவியாயிற்று, சின்ன பட்டர்ஃபிளை ஊசி, அவருக்குப் பிடித்த பாட்டு போனில். ரத்தம் வந்தது. தைராய்டு படு மோசம். நாள் முழுக்கத் தூங்குகிறார், எதற்கும் எழுந்துவர மாட்டேன் என்கிறார், சோம்பேறியாகிவிட்டார் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்களே, அதெல்லாம் இதுதான். மாத்திரை தொடங்கிய பிறகு அவர் மறுபடி நீச்சலுக்குப் போகிறார்.

இதற்கு நர்ஸ் எதற்கு? அன்பாகப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தால் போதாதா?

அன்பு வேண்டும்தான், ஆனால் அன்பு மட்டும் இருந்த இடங்களிலும் ஆட்கள் செத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடு உள்ள ஒவ்வொருவரின் இறப்பையும் ஆராயும் ஒரு திட்டம் இருக்கிறது, பெயர் லீடர். அது சொல்வது: இவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 20 ஆண்டு முன்னதாகவே இறந்துபோகிறார்கள், பாதிப் பேர் 63 வயதைக்கூடத் தாண்டுவதில்லை. 2022-இல் நடந்த இறப்புகளில் 42 சதவீதம் தவிர்த்திருக்கக்கூடியவை. பொதுமக்களில் அது 22 சதவீதம். எதனால் சாகிறார்கள் என்று பார்த்தால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. உணவு புரை ஏறி நுரையீரலுக்குப் போய் நிமோனியா. வலிப்பு, பொதுவாக நூற்றில் ஒருவருக்கு இருப்பது இவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இருக்கிறது. தாமதமாகக் கண்டுபிடித்த புற்றுநோய், இதய நோய். மலச்சிக்கலில்கூட உயிர் போயிருக்கிறது. நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அசையாமல் உட்கார்ந்தே இருக்கிறவர், தண்ணீர் குறைவாகக் குடிப்பவர், குடலை மந்தமாக்கும் மருந்துகளைச் சாப்பிடுகிறவர், வயிறு உப்பியிருக்கிறது என்று வாய் திறந்து சொல்லத் தெரியாதவர் ஆகிய நால்வரும் ஒரே ஆளாக இருந்தால் அது நடக்கும். அதனால்தான் மலம் எப்போது போனது, எப்படிப் போனது என்று நாங்கள் எல்லா வீட்டிலும் கூச்சமில்லாமல் கேட்கிறோம்.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே வாக்கியம்: "அவர் எப்பவும் இப்படித்தான்." தலையை இடித்துக்கொள்கிறாரா, அவர் அப்படித்தான். சாப்பிடவில்லையா, அவர் அப்படித்தான். எந்தப் புதுக் குறியையும் குறைபாட்டின் கணக்கில் எழுதிவிட்டால் அதன் பின்னால் இருக்கும் நோயை யாரும் தேடமாட்டார்கள். அந்த வாக்கியத்தை ஒப்புக்கொள்ளாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று நினைக்கிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டில் 2013-இல் கானர் ஸ்பாரோஹாக் என்ற 18 வயதுப் பையன், வலிப்பு உள்ளவன், ஒரு சிகிச்சைப் பிரிவில் தனியாகக் குளியல் தொட்டியில் இருக்கும்போது வலிப்பு வந்து மூழ்கி இறந்தான். அலட்சியம் அந்த மரணத்துக்கு ஒரு காரணம் என்று 2015-இல் விசாரணை ஜூரி சொன்னது. வலிப்பு உள்ள யாரையும் கவனிக்க ஆளில்லாமல் குளியல் தொட்டியில் விடக்கூடாது என்பது நர்சிங்கின் அரிச்சுவடி. அவன் அம்மா அந்தப் பிரிவில் முன்னாலேயே சொல்லியும் இருந்தார்.

பேசவே வராதவருக்கு எங்கே வலிக்கிறது என்று எப்படித் தெரியும்?

அவரை நன்றாகத் தெரிந்தவரிடம், அவர் சந்தோஷமாக இருக்கும்போது எப்படி இருப்பார் என்று முதலில் கேட்கவேண்டும். முகம், சத்தம், உட்காரும் விதம், தூக்கம், சாப்பாடு எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொண்டால் மாறும்போது தெரியும். இதற்கென்றே டிஸ்டாட் என்று ஒரு படிவம் உண்டு, அமைதியாக இருக்கும் ஆளையும் வேதனையில் இருக்கும் அதே ஆளையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதும்படி அமைத்திருப்பார்கள்.

ஒரு வீட்டில் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பெண் திடீரென்று சொன்ன எதையும் செய்வதில்லை, பிடிவாதம், காதுப் பக்கமாக ஓங்கி ஓங்கி அடித்துக்கொள்கிறார் என்று எங்களுக்கு எழுதியிருந்தார்கள். நடத்தைப் பிரச்சினை என்ற தலைப்பில். போய் இரண்டு காதையும் பார்த்தால் குறும்பி கல் மாதிரி இறுகி அடைத்திருக்கிறது. டவுன் சிண்ட்ரோமில் காதுத் துளை குறுகலாக இருக்கும், இது அடிக்கடி நடக்கும். ஆகவே என் வரிசை எப்போதும் இதுதான்: காது, பல், தொண்டை, வயிறு, சிறுநீர், மாதவிடாய், காலணி கடிக்கிறதா. இத்தனையும் பார்த்து முடித்த பிறகுதான் நடத்தையைப் பற்றிப் பேச்சு.

மருந்து கொடுத்து மந்தமாக்கி வைத்திருப்பார்கள் என்று கேள்விப்பட்டேனே?

கேள்விப்பட்டது உண்மைதான். மனநோய் எதுவும் இல்லாமலேயே மனநோய்க்கான மருந்துகளைச் சாப்பிடும், அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் இங்கிலாந்தில் 30,000 முதல் 35,000 பேர் வரை இருக்கலாம் என்று 2015-இல் அரசின் பொதுச் சுகாதார அமைப்பே கணக்கிட்டது. கத்துகிறார், பொருளை எறிகிறார், சரி ஒரு மாத்திரை. அது வருடக்கணக்கில் தொடரும், ஏன் தொடங்கினோம் என்பது எல்லாருக்கும் மறந்துபோகும். இதைக் குறைக்க 2016-இல் ஸ்டாம்ப் என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஒரு மருந்தை மெல்ல மெல்லக் குறைக்கும்போது டாக்டர் அளவை எழுதுவார், ஆனால் அந்த மாதங்களில் வீட்டுக்குப் போய் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கவனித்து, ஊழியர்கள் பயந்துபோய் நிறுத்தச் சொல்லும்போது கூட நிற்பது நர்ஸ்.

அதே 2016-இல் ஆலிவர் மெக்கவன் என்ற 18 வயதுப் பையன் பிரிஸ்டலில் இறந்தான். வலிப்புக்காக ஆஸ்பத்திரிக்குப் போனவன். மனநோய்க்கான அந்த வகை மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவனும் சொன்னான், பெற்றோரும் சொன்னார்கள். கொடுத்தார்கள், மூளை வீங்கிப் போயிற்று. அவன் அம்மா விடாமல் போராடியதில் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கிலாந்தில் மருத்துவத்திலும் பராமரிப்பிலும் வேலை செய்யும் ஊழியர்களுக்கு அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் பற்றிய பயிற்சி கட்டாயமாயிற்று. அந்தப் பயிற்சிக்கு அவன் பெயர். நீங்கள் இங்கே எந்தப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் வாரங்களில் அந்தப் பெயரைப் பார்ப்பீர்கள். தயவுசெய்து ஆன்லைனில் அடுத்து அடுத்து என்று தட்டிவிட்டுப் போகாதீர்கள்.

அடிப்பார்கள், கடிப்பார்கள் என்கிறார்களே, பயமாக இருக்காதா?

சில நேரம் அடி விழும். அது மறைக்கிற விஷயம் இல்லை. ஆனால் வேலை செய்யச் செய்யத் தெரிவது என்னவென்றால், பெரும்பாலான அடிக்கு முன்னால் ஒரு "வேண்டாம்" இருந்திருக்கும், அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். சத்தம் தாங்கவில்லை, பசி, அறிமுகமில்லாத ஆள் சொல்லாமல் தொட்டுவிட்டார், போகலாம் என்று சொல்லிவிட்டு அரை மணி காக்கவைத்தார்கள். அதைக் கண்டுபிடித்து எழுதி, வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளச் செய்தாலே பாதி குறையும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் ஊழியர்கள் நோயாளிகளை அடித்து உதைத்து வதைத்ததை 2011-இல் பிபிசி ரகசியக் கேமராவில் பிடித்துக் காட்டியது. 11 பேருக்குத் தண்டனை, அதில் 6 பேர் சிறைக்குப் போனார்கள். அதில் பதிவு பெற்ற நர்ஸ்களும் உண்டு. ஆகையால் யாரைப் பார்த்து யார் பயப்படவேண்டும் என்று என்னைக் கேட்டால், கதவு மூடிய இடங்களில் ஆபத்து பெரும்பாலும் இவர்களுக்குத்தான்.

நோயாளி சிகிச்சை வேண்டாம் என்றால் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாமா?

18 வயதுக்கு மேல் என்றால் முடியாது. நம் ஆட்களுக்கு இது அதிர்ச்சியாகவே இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டப்படி ஒருவரால் முடிவெடுக்க முடியும் என்றுதான் தொடங்கவேண்டும், முடியாது என்று சொல்கிறவர்தான் நிரூபிக்கவேண்டும். அதுவும் மொத்தமாக இல்லை, இந்த ஒரு முடிவுக்கு, இந்த நேரத்தில். சாப்பிட என்ன வேண்டும் என்று அவர் முடிவு செய்யலாம், கண் ஆபரேஷனைப் பற்றி முடியாமல் போகலாம். முடியாது என்று தெரிந்தால் டாக்டர், குடும்பம், நர்ஸ் எல்லாரும் உட்கார்ந்து அவருக்கு எது நல்லது என்று பார்ப்போம். அம்மாவின் குரல் அங்கே மிக முக்கியம், அம்மாவின் கையெழுத்து அல்ல. பேச யாருமே இல்லாதவருக்காகப் பேச ஒரு சுயேச்சையான பிரதிநிதியையே சட்டம் கொடுக்கிறது.

ஆஸ்பத்திரி பாஸ்போர்ட் என்றால் என்ன?

சில பக்கங்களில் ஒரு ஆளைப் பற்றிய குறிப்பு. சிவப்பில் கட்டாயம் தெரியவேண்டியது: ஒவ்வாமை, வலிப்பு, புரை ஏறும் அபாயம். மஞ்சளில் எப்படிப் பேசவேண்டும், வலியை எப்படிக் காட்டுவார், கழிப்பறை. பச்சையில் பிடித்தது பிடிக்காதது. நோயாளி அடுத்த வார்டுக்கு மாறினால் இதுவும் கூடவே போகவேண்டும். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் இன்றைக்கே எழுதிவையுங்கள், எந்த நாட்டில் இருந்தாலும். கூடவே ஒன்று: இங்கிலாந்தில் 14 வயதிலிருந்து வருடம் ஒருமுறை ஜி.பி.யிடம் முழு உடல் பரிசோதனை உண்டு, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கென்று அங்கே வைத்திருக்கும் பதிவேட்டில் பெயர் இருந்தால். பெயர் இருக்கிறதா என்று ரிசப்ஷனில் கேளுங்கள்.

நான் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்தேன். நேரடியாக எல்.டி. நர்ஸாக வரமுடியுமா?

பெரும்பாலும் முடியாது. இந்தியப் படிப்பு பொதுப் படிப்பு, அதில் இந்தப் பகுதி மனநல நர்சிங் பாடத்துக்குள் ஓர் அத்தியாயமாக வந்துபோகும். அதனால் நம் ஆட்கள் ஏறக்குறைய எல்லாருமே பெரியவர்கள் பிரிவில்தான் பதிவு செய்கிறார்கள். ஆங்கிலத் தேர்வு (ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் எழுத்தில் 6.5, மற்ற மூன்றில் 7), கணினித் தேர்வு, பிறகு இங்கே வந்து ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. பதிவு கிடைத்த பிறகு எல்.டி. குழுக்களில் பொது நர்ஸை எடுக்கும் இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம், அல்லது சுருக்கப்பட்ட படிப்பு படித்து இரண்டாவது பதிவாக எல்.டி.யைச் சேர்த்துக்கொள்ளலாம். வலிப்பு, விழுங்குதல், மூக்கு வழி, வயிற்றுக் குழாய் வழி உணவு இவற்றில் ஊரில் கிடைத்த அனுபவம் வீண் போகாது.

ஒரு எச்சரிக்கை. பராமரிப்பு ஊழியர் விசாவில் வந்து பிறகு நர்ஸாக மாறிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் யாராவது இப்போது பணம் கேட்டால் நம்பாதீர்கள். வெளிநாட்டிலிருந்து புதிதாக அந்த வேலைக்கு ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். நர்ஸ் விசா வேறு, அது இருக்கிறது.

இங்கேயே வளர்ந்த பிள்ளைக்குப் படிப்பு, சம்பளம் எப்படி?

மூன்று வருடப் பட்டப் படிப்பு. தகுதியுள்ள உள்நாட்டு மாணவருக்குத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத உதவித்தொகை வருடம் 5,000 பவுண்டு, எல்.டி. பிரிவுக்கு மேலும் 1,000. முடித்ததும் என்.எச்.எஸ்.ஸில் (பிரிட்டன் அரசின் பொது மருத்துவச் சேவை) பேண்ட் 5 என்ற சம்பள நிலை, 2025-26 கணக்கில் தொடக்கம் 31,049 பவுண்டு. பேண்ட் 6-க்கு 38,682. லண்டன் என்றால் கூடுதல் படி உண்டு. வேலை கிடைக்குமா என்பது பிரச்சினையே இல்லை, 2010-க்குப் பிறகு என்.எச்.எஸ்.ஸில் எல்.டி. நர்ஸ்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டார்கள். பிரச்சினை படிப்பு கிடைப்பதுதான்: சேர ஆளில்லை என்று சில பல்கலைக்கழகங்கள் இந்தப் பிரிவையே மூடிவிட்டன.

வீட்டில் "இது உண்மையான நர்ஸ் வேலையா" என்கிறார்கள். என்ன சொல்வது?

டிரிப் ஏற்றுவதும் ஆபரேஷன் தியேட்டரும்தான் நர்சிங் என்ற நினைப்பு. அவர்களிடம் வாதாடவேண்டாம். ஒரே ஆளுக்கு வலிப்பு, முதுகு வளைவு, விழுங்கும் சிரமம், வயிற்றுக் குழாய், நாற்பது வயதுக்கு மேல் டிமென்ஷியா எல்லாம் இருந்து, அவரால் எதையும் சொல்லவும் முடியாது என்றால் அவரைப் பார்க்க எவ்வளவு தெரிந்திருக்கவேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.

தமிழ்க் குடும்பங்களையும் பார்க்கிறீர்களா?

பார்க்கிறேன். லண்டனில் ஹாரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கம் வேலை செய்யும் எந்த எல்.டி. நர்ஸும் ஒரு தமிழ் வீட்டுக்காவது போயிருப்பார். நாற்பது வயது மகனை எழுபது வயது அம்மா தனியாகக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார், உதவி கேட்டால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். அம்மா, அப்படிப் பிடித்துப்போக மாட்டார்கள். 2014-ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டப்படி பராமரிப்பவர் என்ற முறையில் உங்கள் தேவைகளையும் தனியாக மதிப்பிடச் சொல்லி கவுன்சிலைக் கேட்கலாம், கேட்பதற்குக் காசு இல்லை. மொழிபெயர்ப்பாளரும் இலவசம், தம்பியையோ தங்கையையோ நடுவில் உட்காரவைக்காதீர்கள், அந்தப் பிள்ளைகள் அம்மாவுக்கு வலிக்கும் என்று பாதியை விழுங்கிவிடும். கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று நான் எல்லா வீட்டிலும் சொல்வேன். யாராவது முறைத்துப் பார்த்தால் பார்க்கட்டும்.

ஊருக்குத் திரும்பினால் இந்த அனுபவத்துக்கு இடம் உண்டா?

இந்தப் பெயரில் பதவி கிடையாது, ஆனால் வேலை மலையளவு இருக்கிறது. சென்னை முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது, தென்காசி ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் கிராமம் கிராமமாக வேலை செய்கிறது. வீட்டாருக்குத் தெரிந்திருக்கவேண்டியவை: 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் 18 வயதுக்கு மேல் சட்டப்படி பாதுகாவலர் நியமனம், நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு, தமிழக அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை. மாற்றுத்திறனாளி அட்டை எடுத்திருந்தால்தான் இவற்றில் பலவும் நடக்கும்.

சேருவதற்கு முன்னால் எனக்கு ஒத்துவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக இயங்கும் மென்கேப் போன்ற அமைப்புகள் நடத்தும் கிளப்புகளில், சிறப்பு ஒலிம்பிக்ஸ் பயிற்சிகளில் தன்னார்வலராகப் போய்ப் பாருங்கள். ஊரில் என்றால் பக்கத்தில் இருக்கும் சிறப்புப் பள்ளி. பேசாத ஒருவருக்குப் பக்கத்தில் போனை எடுக்காமல் ஒரு மதியம் உட்கார்ந்து பாருங்கள், அவர் செய்யும் சத்தத்தை நீங்களும் செய்யுங்கள், அவர் திரும்பிப் பார்க்கிறாரா என்று பாருங்கள். அந்த மதியம் உங்களுக்கு நீளமாகத் தெரிந்தால் வேறு பிரிவில் சேருங்கள், தப்பே இல்லை. மறுபடி போகலாம் என்று தோன்றினால் நேர்முகத் தேர்வில் அதையே சொல்லுங்கள், பல்கலைக்கழகங்கள் கேட்பதும் அதைத்தான்.